நவம்பர் 7-ல் என்ன விசேஷம்?

நவம்பர் 7 என்று சொன்னாலே உங்கள் வீட்டில் யாராவது ஒருவர் "கமல் பிறந்தநாள்!" என்பார். சரிதான். 1954-ல் அந்தத் தேதியில் பரமக்குடியில் பிறந்தவர் கமல்ஹாசன். டிவிக்காரர்களும் மறக்காமல் அன்றைக்கு அவர் படம் ஒன்றைப் போட்டுவிடுவார்கள். அதே தேதிக்கு இன்னொரு பட்டியலும் இருக்கிறது. அதைக் கேட்டால் கொஞ்சம் மலைத்துத்தான் போவீர்கள்.

1888 நவம்பர் 7-ல் திருச்சியை ஒட்டிய திருவானைக்காவலில் சி.வி. ராமன் பிறந்தார். அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன், 1867 நவம்பர் 7-ல், போலந்தின் வார்சா நகரில் மேரி கியூரி. 1878-ல் ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் லிசே மைட்னர். 1903-ல் அதே வியன்னாவில் கோன்ராட் லோரன்ஸ். 1929-ல் திரும்பவும் வியன்னாவில் எரிக் கேண்டல். நடுவில் 1913-ல் அல்ஜீரியாவில் எழுத்தாளர் ஆல்பெர் காம்யு. அத்தனை பேருக்கும் பிறந்தநாள் நவம்பர் 7. இவர்களில் ஐந்து பேர் நோபல் பரிசு வாங்கியவர்கள், மேரி கியூரி இரண்டு முறை. மைட்னருக்கு மட்டும் கிடைக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டும் என்று இன்றும் விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். என் கட்சியும் அதுதான்.

"அப்படியானால் அந்தத் தேதியில் ஏதோ இருக்கிறது" என்று உங்களுக்குத் தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். அதற்கு முன்னால் ஆட்களைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். காம்யுவை இலக்கியம் படிப்பவர்களிடம் விட்டுவிடுகிறேன்.

ராமன் முதலில் பார்த்தது கணக்குத் துறை வேலை. 1907-ல் கல்கத்தாவில் அரசு கணக்கு அலுவலகத்தில் அதிகாரி. அலுவலகம் போவதற்கு முன்பும், வேலை முடிந்த பிறகும் பவ்பஜார் தெருவில் இருந்த அறிவியல் வளர்ச்சிச் சங்கத்தின் ஆய்வுக்கூடத்துக்கு ஓடுவார். அங்கே வீணையை ஆராய்ந்தார், மிருதங்கத்தை ஆராய்ந்தார். மற்ற தோல்கருவிகள் பலவும் 'தொம்' என்று வெறும் சத்தம் போடும்போது மிருதங்கம் எப்படிச் சுருதியோடு ஒலிக்கிறது? வலது பக்கத் தோலின் நடுவில் இருக்கிறதே கறுப்பு வட்டம், அந்தப் பூச்சின் எடைதான் தோலின் அதிர்வுகளை ஒழுங்குபடுத்துகிறது என்று காட்டினார்.

1921-ல் இங்கிலாந்துக்குப் போய்விட்டுக் கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. வானத்தின் நீலம் தண்ணீரில் தெரிகிறது, அவ்வளவுதான் என்பது அப்போதைய பெரியவர்களின் விளக்கம். ராமனிடம் நிகோல் பட்டகம் என்ற சிறிய படிகக் கருவி இருந்தது. சரியான கோணத்தில் பிடித்தால் தண்ணீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை அது தடுத்துவிடும். அதன் வழியாகப் பார்த்தார். வானத்தின் பிரதிபலிப்பு போன பிறகும் கடல் நீலமாகவே இருந்தது. அப்படியென்றால் தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன!

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அவரும் மாணவர்களும் ஏழு ஆண்டுகள் திரவம் திரவமாக ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். கூடவே இருந்து முக்கியமான சோதனைகளைச் செய்தவர் விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணன். 1928 பிப்ரவரி 28-ல் விடை உறுதியானது. ஒரே நிறமுள்ள ஒளியைத் திரவத்துக்குள் அனுப்பினால், சிதறி வரும் ஒளியில் கொஞ்சம் நிறம் மாறி வருகிறது. ஒளி மூலக்கூறில் மோதும்போது தன் ஆற்றலில் ஒரு துளியை அதற்குக் கொடுத்துவிட்டு வருவதால் நிறம் மாறுகிறது. இது எவ்வளவு அபூர்வம் தெரியுமா? சுமார் ஒரு கோடி ஒளித்துகள்களில் ஒன்றுதான் இப்படி வரும். எந்த மூலக்கூறு எவ்வளவு வாங்கிக்கொள்ளும் என்பது அதனதன் அமைப்பைப் பொறுத்தது. அதனால் நிறம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தே உள்ளே இருப்பது என்ன பொருள் என்று சொல்லிவிடலாம். பொட்டலத்தைப் பிரிக்காமல் அதிலிருக்கும் பொடி போதைப்பொருளா என்று பார்ப்பதற்குக்கூட இன்று கையடக்க ராமன் கருவிகள் உண்டு.

மேரி கியூரியின் கதை வேறு மாதிரி. ராமன் ஒரு கோடியில் ஒரு துகளைத் தேடினார் என்றால், இவர் டன் கணக்கான கருங்கல் போன்ற தாதுவில் ஒரு சிட்டிகையைத் தேடினார். அந்தத் தாதுவின் பெயர் பிட்ச்பிளெண்ட், அதில் யுரேனியம் இருக்கும். யுரேனியம் தானாகக் கதிர்களை வீசுகிறது என்று 1896-ல் பெக்கெரல் கண்டுபிடித்திருந்தார். மேரி அந்தக் கதிர்களை அளந்தபோது ஒரு விந்தை. சுத்தமான யுரேனியத்தைவிடத் தாது நான்கு மடங்கு அதிகமாகக் கதிர் வீசியது. வேறு யாராக இருந்தாலும் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்திருப்பார்கள். மேரி திரும்பத் திரும்ப அளந்தார். எண் மாறவில்லை. அப்படியானால் இதுவரை யாருக்கும் தெரியாத ஒரு பொருள் உள்ளே இருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார். ஒன்றல்ல, இரண்டு இருந்தன. 1898 ஜூலையில் பொலோனியம், டிசம்பரில் ரேடியம்.

இருக்கிறது என்று சொன்னால் போதாதே, எடுத்துக் காட்ட வேண்டும். பாரிசில் கூரை ஒழுகும் ஒரு கொட்டகையில், தன் உயரத்துக்கு இருந்த இரும்புக் கம்பியால் கொதிக்கும் தாதுக் கரைசலைக் கிளறிக்கொண்டே இருந்தார். கணவர் பியர் கியூரியும் கூடவே உழைத்தார். 1902-ல் கையில் கிடைத்தது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் உப்பு. ரேடியம் உடலுக்கு என்ன செய்யும் என்று அன்று யாருக்கும் தெரியாது. அவருடைய குறிப்பேடுகளில் இன்றும் கதிரியக்கம் இருக்கிறது, பாரிசில் ஈயப் பெட்டிகளில்தான் அவற்றை வைத்திருக்கிறார்கள். ரேடியம் பாதியாகக் குறையவே 1600 ஆண்டுகள் ஆகும். அதாவது கி.பி. 3500 வாக்கில்கூட அந்தத் தாள்களில் பாதி ரேடியம் மிச்சமிருக்கும்.

இங்கே ஒரு தேதிச் சிக்கல். மேரி பிறந்தபோது வார்சா ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. ரஷ்யாவோ அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியை விடவே இல்லை. அது நாம் இன்று பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டியைவிட 12 நாள் பின்தங்கியிருந்தது. மாஸ்கோவில் இருந்த ஒருவரைக் கேட்டால் மேரி பிறந்தது அக்டோபர் 26 என்றுதான் சொல்லியிருப்பார்! பிறகு 1900 வந்தது. பழைய நாட்காட்டியில் அது லீப் ஆண்டு. புதியதில் இல்லை, ஏனென்றால் நூற்றாண்டு ஆண்டுகள் 400-ஆல் வகுபட்டால்தான் அங்கே லீப். அதனால் இடைவெளி 13 நாளாகிவிட்டது. 1917-ல் நடந்த ரஷ்யாவின் 'அக்டோபர் புரட்சி'யை நவம்பர் 7-ல் கொண்டாடியது இதனால்தான். இன்னும் வேடிக்கை, அந்தப் புரட்சியின் தலைவர்களில் ஒருவரான டிராட்ஸ்கியும் 1879 நவம்பர் 7-ல் பிறந்தவர்.

அடுத்தது லிசே மைட்னர். இவர் தேதியிலும் ஒரு குழப்பம். வியன்னா யூத சமூகத்தின் பிறப்புப் பதிவேட்டில் நவம்பர் 17 என்று இருக்கிறது. மற்ற ஆவணங்களில் 7. அவர் கொண்டாடியதும் 7-ஐத்தான். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. உங்கள் தாத்தாவிடமோ பாட்டியிடமோ கேட்டுப் பாருங்கள், பள்ளிச் சான்றிதழில் இருக்கும் தேதி ஒன்றாகவும் வீட்டில் சொல்லும் தேதி வேறாகவும் இருக்கலாம். பள்ளியில் சேர்க்க வயது போதவில்லை என்று வாத்தியாரே ஒரு மே மாதத் தேதியைப் போட்டுவிட்ட காலம் அது.

மைட்னர் 1907-ல் பெர்லினுக்குப் போனார். அங்கே வேதியியல் கூடத்துக்குள் பெண்கள் வரக்கூடாது. அவருக்குக் கிடைத்த இடம் கீழ்த்தளத்தில் இருந்த பழைய தச்சுப் பட்டறை. வாசலும் தனி. ஆய்வாளர் ஓட்டோ ஹானோடு சேர்ந்து அந்தப் பட்டறையில் தொடங்கியவர், பிற்பாடு பெர்லினில் இயற்பியல் துறை ஒன்றுக்கே தலைவரானார். 1933-ல் பிரசல்சில் நடந்த சால்வே மாநாட்டின் புகைப்படம் ஒன்று உண்டு. உலகத்தின் பெரிய இயற்பியலாளர்கள் எல்லாம் வரிசை வரிசையாக நிற்பார்கள். அத்தனை கோட்டுகளுக்கு நடுவே பெண்கள் மூன்றே பேர்: மேரி கியூரி, அவர் மகள் ஐரீன், லிசே மைட்னர். கிடைத்தால் பாருங்கள், ஒரே படத்தில் இரண்டு நவம்பர் 7.

1938-ல் ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியது. யூதக் குடும்பத்தில் பிறந்த மைட்னர் இனி பெர்லினில் இருந்தால் ஆபத்து. ஜூலை மாதம், இரண்டு சின்னப் பெட்டிகளோடு ரயிலேறி நெதர்லாந்துக்குத் தப்பினார். பணப்பையில் 10 மார்க். எல்லையில் காவலருக்குக் கொடுக்க நேர்ந்தால் ஆகட்டும் என்று ஹான் தன் தாயின் வைர மோதிரத்தைக் கொடுத்திருந்தார். அதற்கு அவசியம் வரவில்லை. பிறகு ஸ்வீடன்.

அந்தக் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஹானிடமிருந்து கடிதம். யுரேனியத்தை நியூட்ரானால் அடித்தோம், பேரியம் கிடைக்கிறது, எப்படி என்றே புரியவில்லை என்று எழுதியிருந்தார். யுரேனியம் பெரிய அணு, பேரியம் கிட்டத்தட்ட அதில் பாதி. ஒரு சின்ன நியூட்ரான் அவ்வளவு பெரிய அணுவை எப்படி இரண்டாக்கும்? மைட்னரும் அவருடைய அக்காள் மகன் ஓட்டோ ஃபிரிஷும் பனியில் நடந்தபடி இதைப் பேசினார்கள். ஃபிரிஷ் காலில் பனிச்சறுக்குக் கட்டை, சித்தி வெறும் காலணியோடு வேகமாக நடை. ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டார்கள். அணுக்கரு கெட்டியான குண்டு மாதிரி இல்லாமல் திரவத் துளி மாதிரி நடந்துகொள்கிறது என்று வைத்தால்? நியூட்ரான் நுழைந்ததும் அது தளும்பி, நீண்டு, நடுவில் இளைத்து, இரண்டாகப் பிரியலாம். பிரிந்த இரண்டையும் கூட்டினால் எடை கொஞ்சம் குறைகிறது, ஒரு புரோட்டானின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. அது எங்கே போனது? எடை எவ்வளவு ஆற்றலாகும் என்று சொல்லும் ஐன்ஸ்டைனின் சூத்திரத்தில் போட்டார் மைட்னர். 20 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வந்தது. நிலக்கரியில் ஒரு கார்பன் அணு எரிந்தால் கிடைப்பது சுமார் 4 எலக்ட்ரான் வோல்ட். இப்போது தெரிகிறதா, கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் அணுவைப் பிளந்து ஏன் மின்சாரம் எடுக்கிறார்கள் என்று?

1944-க்கான வேதியியல் நோபல் ஹானுக்கு மட்டும் கொடுக்கப்பட்டது. மைட்னர் பெயரில் 109-வது தனிமம் இருக்கிறது, மைட்னீரியம். அணுகுண்டு செய்யக் கூப்பிட்டபோது அவர் போகவில்லை.

அதே 1938, அதே வியன்னா. நவம்பர் 7 அன்று எரிக் என்ற சிறுவனுக்கு ஒன்பது வயது. அப்பா பொம்மைக்கடை வைத்திருந்தார். பிறந்தநாளுக்கு நீல நிறத்தில் ஒரு பொம்மைக் கார் கிடைத்தது, தூரத்திலிருந்தே ஓட்டலாம். இரண்டே நாள். 9-ம் தேதி இரவு நாஜிகள் யூதர்களின் கடைகளையும் கோயில்களையும் அடித்து நொறுக்கினார்கள். எரிக்கின் குடும்பத்தை வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். சில நாள் கழித்துத் திரும்பி வந்தால் வீட்டில் விலையுள்ள பொருள் எதுவும் இல்லை, நீலக் காரும் இல்லை. அடுத்த ஆண்டு அமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள். அந்த நாட்களின் ஞாபகம் தன்னை விடவே இல்லை என்று எழுதியிருக்கிறார் எரிக் கேண்டல். அவர் பெரியவராகி ஆராய்ந்தது எதை என்கிறீர்கள்? ஞாபகத்தைத்தான்!

அதற்கு அவர் எடுத்துக்கொண்டது கடலில் வாழும் அப்ளிசியா என்ற, வெளியே ஓடில்லாத நத்தை. மனித மூளையில் சுமார் 8600 கோடி நரம்பு செல்கள். இந்த நத்தைக்கு சுமார் 20,000 தான், அதிலும் சில செல்கள் வெறும் கண்ணுக்கே தெரியும் அளவு பெரியவை. நத்தையைத் தொட்டால் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். தொடுவதோடு வாலில் சின்ன அதிர்ச்சியும் கொடுத்தால் பயந்துபோய் இன்னும் வேகமாக இழுக்கும். அதிர்ச்சி ஒருமுறை என்றால் சற்று நேரத்தில் மறந்துவிடும். பலமுறை என்றால் நாள் கணக்கில் மறக்காது. அப்போது உள்ளே பார்த்தால் நரம்பு செல்களுக்கு நடுவே புதிய இணைப்புகள் முளைத்திருக்கும். நீங்கள் வாய்ப்பாட்டை ஒருமுறை படிப்பதற்கும் பத்து நாள் படிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மூன்றாவது வியன்னாக்காரர் லோரன்ஸ். வாத்துக் குஞ்சுகள் முட்டையிலிருந்து வெளிவந்ததும் முதலில் எது அசைவதைப் பார்க்கின்றனவோ அதையே அம்மா என்று நினைத்துப் பின்னாலேயே போகும் என்பதை விரிவாக ஆராய்ந்தவர். அவர் பின்னால் வாத்துகள் வரிசையாகப் போகும் படங்கள் ரொம்பப் பிரபலம். 1973-ல் நோபல் பெற்றார். மைட்னரும் எரிக்கும் எந்த நாஜிகளிடமிருந்து ஓடினார்களோ, அந்தக் கட்சியில் 1938-ல் சேர்ந்தவர் இவர். அக்காலத்தில் நாஜிகளின் பேச்சைத் தன் எழுத்தில் பயன்படுத்தியதற்குப் பின்னாளில் வருத்தம் தெரிவித்தார். ஒரே ஊர், ஒரே தேதி. பிறந்த தேதி ஒருவரை ஆட்டிவைக்கும் என்று யாராவது சொன்னால் இந்த மூவரையும் சொல்லிப் பாருங்கள். ராசிபலன்காரர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. மேல்நாட்டுக் கணக்கில் நவம்பர் 7 விருச்சிகம். நம் பஞ்சாங்கத்தில் அது ஐப்பசி, சூரியன் இருப்பது துலாம்.

சரி, ஐந்து நோபல் எப்படி ஒரே தேதியில் வந்து விழுந்தது?

இதுவரை நோபல் பெற்றவர்கள் ஆயிரம் பேரை நெருங்குகிறார்கள். 365 நாளுக்குப் பங்கு போட்டால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 2.7 பேர். பிறந்தநாட்கள் அப்படிச் சமமாகப் பங்கு போட்டுக்கொண்டு வருவதில்லை. வீட்டில் பல்லாங்குழி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். 14 குழிகளுக்கும் 1 முதல் 14 வரை எண் கொடுத்து, 14 சீட்டு எழுதிக் குலுக்குங்கள். எந்தச் சீட்டு வருகிறதோ அந்தக் குழியில் ஒரு புளியங்கொட்டை. சீட்டை மடித்துத் திரும்பப் போட்டு மறுபடி குலுக்குங்கள். இப்படி 38 புளியங்கொட்டை. ஒரு குழிக்குச் சராசரி 2.7 வருகிறதா? ஆனால் ஏதாவது ஒரு குழியில் ஐந்தோ ஆறோ கிடக்கும், ஒரு குழி காலியாகக்கூட இருக்கும். யாரும் திட்டம் போட்டு வைக்கவில்லை. நோபல்காரர்களுக்கும் இதே கணக்குதான். ஐந்து பேருக்குக் குறையாமல் பிறந்த தேதிகள் ஆண்டில் ஐம்பது வாக்கில் இருக்க வேண்டும். நவம்பர் 7 அதில் ஒன்று. ஐந்து பேர் சேர்ந்த தேதியைப் பார்த்த பிறகுதானே நானும் அதைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்? ஒருவரும் பிறக்காத தேதியைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

இன்னும் நம்பிக்கை வரவில்லையென்றால் உங்கள் வகுப்புக்கு வாருங்கள். இரண்டு பேருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருப்பதற்குப் பாதிக்கு மேல் வாய்ப்பு வர, வகுப்பில் எத்தனை பேர் வேண்டும்? 365-ல் பாதி, 180 பேராவது வேண்டும் என்பார்கள் பெரும்பாலானோர். 23 பேர் போதும்.

காரணம் இது. முதல் மாணவியை மற்ற 22 பேரோடு ஒப்பிடலாம், இரண்டாமவரை மீதி 21 பேரோடு, அடுத்தவரை 20 பேரோடு. இப்படிக் கூட்டிக்கொண்டே போனால் 253 ஜோடி வருகிறது. ஒவ்வொரு ஜோடியும் ஒரு வாய்ப்பு. கணக்காகப் பார்த்தால் 23 பேரில் யாராவது இருவருக்குப் பொருந்த 50.7 சதவீத வாய்ப்பு. 40 பேர் வகுப்பென்றால் 780 ஜோடி, வாய்ப்பு 89 சதவீதம். வருகைப் பதிவேட்டை வைத்து டீச்சரோடு பந்தயம் கட்டலாம், அநேகமாக ஜெயிப்பீர்கள். ஒன்று மட்டும் எச்சரிக்கை. "யாராவது இருவருக்கு" என்று சொல்லிப் பந்தயம் கட்டுங்கள். "என் பிறந்தநாளில் இன்னொருவர்" என்று வாய்விட்டால் மாட்டிக்கொள்வீர்கள். அதற்குப் பாதி வாய்ப்பு வரவே உங்களைத் தவிர 253 பேர் வேண்டும், பள்ளிக்கூட மைதானத்துக்கே போக வேண்டியிருக்கும்.

பிப்ரவரி 29-ல் பிறந்தவர்களுக்கு இன்னும் கஷ்டம். நான்கு ஆண்டில் மொத்தம் 1461 நாள், அதில் ஒரே ஒரு நாள் அது. ஆனாலும் இருவரைச் சொல்கிறேன். பிரதமராக இருந்த மொரார்ஜி தேசாய் பிறந்தது 1896 பிப்ரவரி 29. நான்கு வயதில் பிறந்தநாள் வரும் என்று பார்த்தால் 1900, அந்த ஆண்டில்தான் லீப் கிடையாதே! ஆக, அவருடைய முதல் நிஜப் பிறந்தநாள் எட்டு வயது முடிந்த 1904 பிப்ரவரி 29-ல்தான் வந்தது. அன்றைக்கே மதுரையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிற்காலத்தில் சென்னையில் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அவர். 1977-ல் மொரார்ஜி பிரதமரானதும் இவரைக் குடியரசுத் தலைவராகக் கூப்பிட்டார். ருக்மிணி தேவி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.